இல்லையம்மா தேர்தலில் நின்ற கதை

எங்கள் வக்கீலம்மாவுக்கு ஊரார் வைத்த பெயர் இல்லையம்மா. புதிதாக வருகிறவர்கள் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, "இல்லையம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். "இருக்காங்க, உட்காருங்க" என்பேன். அவர் ஆபீசில் நான் டைப் அடிக்கிறவன். எத்தனையோ வருஷமாக இந்தக் கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி வருகிறேன். இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

ஆபீஸ் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டே அறை. முன்னறையில் நானும் என் மெஷினும், வருகிறவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சும். உள்ளறையில் அவரும் அவருடைய புத்தகங்களும். வக்கீல் தொழிலில் வழக்கோடு வருகிறவருக்குக் கட்சிக்காரர் என்று பெயர். அரசியலில் இருக்கிறவரும் கட்சிக்காரர்தான். அதனால் பெஞ்சில் யாராவது வந்து உட்கார்ந்தால் அவர் உள்ளேயிருந்து, "எந்தக் கட்சிக்காரர்?" என்று கேட்பார். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. கேஸ்காரர் தணிந்த குரலில் பேசுவார். அரசியல்காரர் பேச ஆரம்பித்தால் கீழே கண்ணாடிக் கடைக்கே கேட்கும்.

வக்கீலம்மா அரசியலுக்கு வந்ததே ஒரு தையல்காரரால்தான். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தையல்காரர் வாக்காளர் பட்டியலைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். தையல்காரர் பெயருக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என்று போட்டிருந்தது.

"என் சம்சாரம் இதைப் பாத்துட்டு, ராத்திரி யாருக்குச் சாப்பாடு போட்டேன்னு கேக்கறாம்மா" என்றார்.

வக்கீலம்மா அவரைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். ஆனால் காகிதத்திலேயே பிறந்து காகிதத்திலேயே வளர்ந்தவர்.

"உயிரோட இருக்கறதுக்கு அத்தாட்சி வேணும்மா."

"ஆளே எதிர்ல நிக்கறாரே சார்."

"நிக்கறார், சரி. காகிதம் எங்க?"

வக்கீலம்மா தையல்காரரோடு ஆபீசுக்குத் திரும்பி வந்தார். தையல்காரருடைய வட்டத்தின் பட்டியலை வரி வரியாகப் படித்தார். அந்த ஒரு வட்டத்தில் மட்டும் அறுபத்திமூன்று பேரைச் சாகடித்திருந்தார்கள். நானும் அவரும் மூன்று நாள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினோம். அறுபத்தொரு பேர் அவர்களே வந்து கதவைத் திறந்தார்கள். நான்காம் நாள் காலை அத்தனை பேரும் தாலுகா ஆபீசுக்கு வரிசையாகப் போனோம். வாசலில் நின்ற போலீஸ்காரர், "யாரும்மா இவங்கல்லாம்?" என்றார்.

"இறந்தவங்க. அதிகாரியைப் பாக்க வந்திருக்காங்க" என்றார் வக்கீலம்மா.

வரிசை வராந்தாவைத் தாண்டி வெளிக்கேட் வரை நீண்டது. ஒவ்வொருவராக உள்ளே போய், பெயரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். நடுவில் ஒரு பெரியவர் அதிகாரியிடம், "அப்ப நான் எந்தத் தேதியிலேருந்து உயிரோட இருக்கேன்னு போட்டுக்கறது?" என்று கேட்டுவிட்டார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் அத்தனை பேருக்கும் உயிர் வந்துவிட்டது.

மறுநாள் ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர் எங்கள் மாடிப்படி ஏறினார். முன்னாள் பஸ் கண்டக்டர். கடைசி சீட்டு வரை கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அவருக்கு.

"அறுபத்தொரு பேருக்கு உயிர் குடுத்திருக்கீங்க வக்கீலம்மா. எங்க கட்சிக்கும் கொஞ்சம் குடுங்க."

"எனக்கு மேடையில பேச வராதுங்க."

"பேசறதுக்கு எங்ககிட்ட ஆள் கொட்டிக் கிடக்குது. போஸ்டர் ஒட்ட ஆள் இருக்கு, கோஷம் போட ஆள் இருக்கு. ஒரு காகிதத்தை முழுசாப் படிக்கத்தான் ஆள் கிடையாது."

வக்கீலம்மா அந்த வார்த்தையில் விழுந்துவிட்டார். படிப்பது என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆசை. மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், பொட்டலம் கட்டி வந்த பழைய பேப்பர், எது கிடைத்தாலும் படிப்பார். கட்சியின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். கூட்டத்துக்கு அனுமதிக் கடிதம், கைதானவர்களுக்கு ஜாமீன், எதிர்க்கட்சி போட்ட வழக்குக்குப் பதில் என்று எல்லாம் அவர் மேஜைக்கு வந்தது. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேட்பு மனு.

தேர்தல் வந்தால் மாவட்டத்திலுள்ள எங்கள் வேட்பாளர்கள் அத்தனை பேரும் மனுவைத் தூக்கிக்கொண்டு எங்கள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். வக்கீலம்மாவுக்கு ஒரே வேதம்தான். ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. "இருந்தா என்னன்னு எழுதுங்க. இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க. கோடு போடாதீங்க, புள்ளி வைக்காதீங்க. இல்லை. மூணு எழுத்துதான், கை வலிச்சிடாது." ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது இதைச் சொல்லியிருப்பார். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. கல்யாணம் ஆகாத வேட்பாளர் ஒருவர், 'மனைவி பெயர்' என்ற இடத்தில் வந்து தயங்கி நின்றார்.

"இல்லைன்னு எழுதினா, பேரு இல்லையா, மனைவியே இல்லையான்னு கேப்பாங்களேம்மா?"

"ரெண்டும் இல்லைன்னு எழுதுங்க. அடுத்த பக்கம் போங்க."

இருபத்தைந்து வருஷத்தில் அவர் பார்த்து அனுப்பிய மனு ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லை. எங்கள் தொகுதியில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெரிய வேட்பாளருடைய மனுவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கட்சி அந்தரத்தில் நிற்கக் கூடாது என்று, கூடவே மாற்று வேட்பாளர் என்று ஒருவரை மனு போட வைப்பார்கள். பெரியவருடைய மனு ஏற்கப்பட்டதும் மாற்று மனு தானாகவே செத்துவிடும். ஐந்து தேர்தலாக அந்த மாற்று ஆள் எங்கள் வக்கீலம்மாதான். அவருடைய வீட்டுக்காரர் பல் டாக்டர். "இவ ஸ்டெப்னி டயர். வண்டி கூடவே போவா, ரோட்டைத் தொட மாட்டா" என்று நோயாளிகள் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது சொல்வார். அவர்களால் திருப்பிப் பேசவும் முடியாது.

டாக்டருக்கு ஒரு தங்கை. வக்கீலம்மாவுக்கு நாத்தனார். சட்டம் படித்துவிட்டு அண்ணியிடமே மூன்று வருஷம் ஜூனியராக இருந்தாள். சூட்டிகையான பெண். ஒரு நாள் காலையில் உள்ளறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, எதிர்க்கட்சியில சட்டப் பிரிவுக்குக் கூப்பிடறாங்க. எனக்கும் அவங்க கொள்கைதான் பிடிச்சிருக்கு. போகலாம்னு இருக்கேன்."

வக்கீலம்மா படித்துக்கொண்டிருந்த பக்கத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"போ. ஆனா அரைகுறையா வேலை செஞ்சு என் பேரைக் கெடுத்துடாதே. எங்ககிட்ட தப்பு இருந்தா கண்டுபிடி."

அன்றிலிருந்து மனு பரிசீலனை மேஜையில் இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் நாத்தனார். ஒரே வீட்டில் கீழ்த்தளத்தில் இவர்கள் குடியிருந்தார்கள், மாடியில் அவள் தன் வீட்டுக்காரரோடும் மகளோடும் இருந்தாள். வீட்டின் மேல் எந்தக் கொடியும் பறக்கக் கூடாது என்பது டாக்டருடைய சட்டம். "ரெண்டு கட்சிக்காரனுக்கும் பல்லு வலிக்கும்" என்பார்.

இப்படியே போயிருந்தால் இதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறாவது தேர்தல் வந்தது. எங்கள் கட்சி இந்தத் தடவை லாரி கம்பெனி முதலாளியை நிறுத்தியது. பெரிய உடம்பு, பெரிய மனசு, எதிலும் அவசரம். மனுவைத் தலைநகரத்து வக்கீல் ஒருவரை வைத்துத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். வழவழப்பான ஃபைலில் போட்டு, பட்டன் வைத்து மூடியிருந்தார்.

"ஒரு தடவை பாத்துக் குடுத்துடறேனே" என்று வக்கீலம்மா கையை நீட்டினார்.

"பெரிய இடத்துல பாத்தாச்சு வக்கீலம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

வக்கீலம்மாவுக்கு மனசு ஆறவில்லை. ஒரு துண்டுச் சீட்டில், 'எந்த இடத்தையும் காலியாக விடவேண்டாம், இல்லை என்றால் இல்லை என்று எழுதவும்' என்று எழுதி என்னிடம் கொடுத்தனுப்பினார். முதலாளி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஜெயிக்கப் போற நேரத்துல இல்லைங்கற வார்த்தை எதுக்குப்பா வாயில?" என்று சொல்லிச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மனுத் தாக்கல் அன்று ஒரே கூட்டம், கோஷம். தேர்தல் அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு இடம் காலியாக இருக்கிறது, நாளை காலை பதினோரு மணிக்குள் நிரப்பிப் புதிய பிரமாணப் பத்திரம் தரவேண்டும் என்று முறைப்படி ஒரு கடிதம் கொடுத்தார். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் முதலாளியின் மைத்துனர். மனு வாங்கிக்கொண்டதற்கு ரசீது போலிருக்கிறது என்று நினைத்து அதையும் வழவழப்பான ஃபைலுக்குள் போட்டுப் பட்டனை மூடிவிட்டார்.

மறுநாள் பரிசீலனை. நீள மேஜை, ஃபேன் காற்றில் படபடக்கும் காகிதங்கள், ஒவ்வொரு கட்சிக்கும் இரண்டு நாற்காலி. எங்கள் இரண்டில் வக்கீலம்மாவும் நானும்; முதலாளி ஓட்டுக் கேட்கப் போயிருந்தார். பதினோரு மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும் நாத்தனார் எழுந்தாள்.

"ஆட்சேபம் இருக்கு சார். பிரமாணப் பத்திரம் நாலாவது பக்கம். வேட்பாளர் மேல நிலுவையில இருக்கற வழக்குகள்ங்கற இடம் காலியா இருக்கு. கடிதம் குடுத்தும் நிரப்பலை."

வக்கீலம்மா அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். முதலாளி மேல் எந்த வழக்கும் கிடையாது. கிடையாததை என்னத்தை எழுதுவது என்று தலைநகரத்து வக்கீல் விட்டுவிட்டிருக்கிறார்.

அடுத்த நாற்பது நிமிஷம் நான் மறக்கமாட்டேன். அந்த மனு தள்ளுபடி ஆனால் அடுத்து நிற்கப்போவது தான்தான் என்பது அவருக்குத் தெரியாதா? இருந்தும் முதலாளிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். வழக்கே இல்லாதவர் எதைக் காட்டுவார், காலி இடம் என்றாலே இல்லை என்றுதானே அர்த்தம், ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தால் குடியா முழுகிவிடும் என்று, இருபத்தைந்து வருஷம் தான் சொன்னதற்கெல்லாம் நேர் எதிராகப் பேசினார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

நாத்தனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "காலி இடம் ஒரு பதில் ஆகாது சார். எழுத மறந்ததா, மறைச்சதான்னு பாக்கறவங்களுக்குத் தெரியாது. இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது எதிர்ல நிக்கற வக்கீலம்மாதான்" என்றாள்.

தேர்தல் அதிகாரி கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார். அவகாசம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றார். மனு தள்ளுபடி.

"அடுத்தது, மாற்று வேட்பாளர் மனு. ஆட்சேபம் ஏதாவது உண்டா?"

நாத்தனார் வக்கீலம்மாவின் மனுவைக் கையில் எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். ஒன்றும் பாக்கி விடாமல் இரண்டு தடவை படித்தாள். கீழே வைத்தாள்.

"இல்லை சார்."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் வக்கீலம்மா சுவரில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். "இப்ப நான் யாரு?"

"வேட்பாளர் மேடம்."

"அடக் கடவுளே" என்றார், ரொம்ப மெதுவாக. நாத்தனார் பின்னாலேயே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. "அண்ணி, நான் இப்ப வாழ்த்து சொல்றதா, மன்னிப்பு கேக்கறதா?"

"நாலாம் பக்கத்தை நீ பாக்காம விட்டிருந்தாத்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன்" என்றார் வக்கீலம்மா. பிறகு இருவரும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்குப் போனார்கள். ஒரே வீடுதானே.

கட்சித் தலைமைக்குச் செயலாளர் போன் செய்தபோது மறுமுனையில் விஷயத்தை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்களாம். பிறகு யாரோ சிரித்தார்களாம். "நிக்கட்டும், வேற வழி?" என்றார்களாம். பிரசாரத்துக்கு இருந்தது பதினான்கு நாள்.

முதல் கூட்டம் சந்தைத் திடலில். வக்கீலம்மா மைக்கைப் பிடித்து, "மேற்படி தொகுதியின் வாக்காளர்களாகிய உங்கள் முன்பாக" என்று ஆரம்பித்தார். நாலே நிமிஷம்தான் பேசினார். அதில் இரண்டு தடவை 'மேற்கண்டவாறு' வந்தது. கூட்டத்தில் ஒருவர், "தீர்ப்பு எப்பம்மா?" என்று கேட்டார். திடலே சிரித்தது. வக்கீலம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேடையைவிட்டு இறங்கியவரிடம் ஒரு காய்கறிக்காரர் வந்து மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். "ஓட்டு போடறேன் தாயி. இதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவருடைய ஓய்வூதிய விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் அது. வக்கீலம்மா அங்கேயே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். "உங்க பொறந்த வருஷத்தைத் தப்பாப் போட்டிருக்காங்க. முப்பது நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம். இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றார். அதற்குள் சுற்றி நின்றவர்கள் தங்கள் பைகளைத் துழாவ ஆரம்பித்துவிட்டார்கள்.

அதுதான் எங்கள் பிரசாரம் ஆனது. மறுநாளிலிருந்து வேனில் என் டைப்ரைட்டரை ஏற்றினோம். தெருமுனையில் வண்டியை நிறுத்துவோம். வக்கீலம்மா நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார், என்ன செய்யவேண்டும் என்பார், நான் அடிப்பேன். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஓட்டு கேக்க வந்தீங்களா, மனு எழுத வந்தீங்களா? ஒரு தெருவுக்கு ரெண்டு மணி நேரம் ஆனா தொகுதியை முடிக்க ஒரு மாமாங்கம் ஆகும்."

"படிக்க ஆள் இல்லைன்னுதானே என்னைக் கூப்பிட்டீங்க?" என்றார் வக்கீலம்மா. செயலாளர் வேனிலிருந்து இறங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வரிசையா வாங்க, தள்ளாதீங்க, உள்ள எடம் இருக்கு" என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். பழைய தொழில் கைகொடுத்தது.

மூன்றாம் நாள் காலை லாரி முதலாளி எங்கள் ஆபீசுக்கு வந்தார். இரண்டு நாளாக வீட்டைவிட்டு வெளியே வராதவர். பெஞ்சில் உட்கார்ந்து, வக்கீலம்மா முன்னறைக்கு வந்ததும் பேச்சை ஆரம்பித்தார்.

"நாப்பது நிமிஷம் எனக்காக வாதாடினீங்களாமே. தேர்தல் அதிகாரியே என்கிட்ட சொன்னார்."

"அது என் வேலைங்க."

"வேலையை விட்டுக்குடுத்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது." எழுந்து நின்றார். "உங்க வேனை யாரு ஓட்டறா? அந்தாளு கியரைக் கொல்றான். நான் ஓட்டறேன்."

அப்படித்தான் கட்சியின் தள்ளுபடியான வேட்பாளர் கட்சியின் ஏற்கப்பட்ட வேட்பாளருக்கு டிரைவர் ஆனார். இளம் வயதில் லாரி ஓட்டி மேலே வந்தவர். பன்னிரண்டு வருஷமாக ஸ்டீயரிங்கைத் தொடவில்லையாம். ஓட்ட ஆரம்பித்த அரை மணியில் அவர் முகமே மாறிவிட்டது. ஒரு மேட்டுத் தெருவில் வேன் நின்றுவிட்டது. ஜனங்கள் பின்னால் கைவைத்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மனுவைத்தான் தள்ளிட்டாங்க, வண்டியையுமா தள்ளறீங்க?" என்றார். தள்ளினவர்களுக்குச் சிரிப்பில் கை வழுக்கி, வண்டி பத்தடி பின்னால் வந்தது. அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த தெருவில் அவரைப் பார்க்கவே கூட்டம்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அரசியல் பேசக் கூடாது என்று டாக்டர் தடை போட்டிருந்தார். அண்ணியும் நாத்தனாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். ஆனால் அவர் யாருக்கு ஓட்டுப் போடப்போகிறார் என்பதை மட்டும் இரண்டு பேரும் விடாமல் கேட்டார்கள். "என்னங்க, பொண்டாட்டிக்கு இல்லாம யாருக்கு?" என்று ஒருத்தி. "அண்ணா, கட்சியைப் பாரு, ஆளைப் பாக்காதே" என்று இன்னொருத்தி. டாக்டர் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் வாயைத் திறக்கவைத்தே பிழைக்கிறவர் ஆயிற்றே, வாயை மூடிக்கொள்ளவும் தெரிந்திருந்தது.

ஓட்டு எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் இரண்டு முறை ஜெயித்தவர், செல்வாக்குள்ள ஆள். அவர் பக்கம் முதன்மை ஏஜென்ட் நாத்தனார். எங்கள் பக்கம் நான். மத்தியானம் வரை அவர்கள் முன்னால் இருந்தார்கள். சந்தை வட்டம் எண்ணினபோது இடைவெளி சுருங்கியது. மேட்டுத் தெருப் பெட்டிகள் வந்தபோது நாங்கள் எழுபது ஓட்டு முன்னால். கடைசிச் சுற்று முடிந்தபோது இருநூற்றுப் பத்தொன்பது.

நாத்தனார் உடனே எழுந்து, மறு எண்ணிக்கை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. வக்கீலம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "கேட்டதுதான் சரி. நான் அந்தப் பக்கம் இருந்தா நானும் கேட்டிருப்பேன்."

திரும்ப எண்ணினார்கள். இருநூற்று முப்பத்தொன்று ஆனது. நாத்தனார் தன் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு நேராக வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய கட்சிக்காரர்கள் முறைத்தார்கள். "எங்க அண்ணி ஜெயிச்சிருக்காங்க, அதுக்கு நீங்க என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றாள் அவர்களிடம். வெளியே லாரி முதலாளி வேனின் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

சட்டசபையில் அவருக்குப் பின்வரிசையில் இடம். ஆளும் கட்சியாக எங்கள் கட்சியே வந்தது. முதல் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. கொடுத்த காகிதங்களையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார். அங்கே அதைச் செய்கிறவர் குறைவு. சந்தைகள் பற்றி ஒரு மசோதா வந்தது. குரல் வாக்கெடுப்புக்கு விடப்போகும் நேரத்தில் எழுந்து நின்றார்.

"பதினாலாம் பக்கம், மூணாவது வரியை அமைச்சர் ஒரு தடவை படிக்கணும்."

அமைச்சர் படித்தார். 'உரிமம் பெற்ற கடைகளை உடனடியாக அகற்றலாம்' என்று இருந்தது. 'பெறாத' என்று இருக்க வேண்டிய இடம்.

"அச்சுப் பிழை" என்றார் அமைச்சர்.

"தெரியுதுங்க. ஆனா கடையை இடிக்க வர்ற அதிகாரி அச்சுல இருக்கறதைத்தான் படிப்பார்."

எதிர்க்கட்சி வரிசை மேஜையைத் தட்டியது. அமைச்சரும் கடைசியில் சிரித்துவிட்டு வரியைத் திருத்தினார். செயலாளர் போனில் பதறினார், நம்ம மந்திரியையே சபையில மடக்கலாமா என்று. "அடுத்தவங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள நாமே சொல்லிட்டோம், நல்லதுதானே?" என்றார் இவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு துறையும் மசோதாவைச் சபைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பிவைத்தது. அவர் மந்திரி ஆகவில்லை. ஆகவேண்டும் என்று கேட்கவும் இல்லை. அந்த ஐந்து வருஷத்தில் சந்தைக்குக் கூரை வந்தது, மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் அதே மாடியில், அதே பெஞ்சில், ஜனங்கள் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சி தலைமைக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த வீட்டு ஆளை ஜெயிக்க அந்த வீட்டு ஆள்தான் சரி என்று நாத்தனாரையே நிறுத்தினார்கள். செய்தி வந்த அன்று டாக்டர் தன் கிளினிக்கில் போய் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேர் போனையும் எடுக்கவில்லை. ஊருக்கு அது பெரிய வேடிக்கை. ஒரே வாசலிலிருந்து இரண்டு வேன்கள் புறப்படும். ஒரு நாள் எங்கள் மைக் வேலை செய்யவில்லை என்று நாத்தனாருடைய உபரி மைக்கை வாங்கிக்கொண்டு போனோம். நாத்தனாருக்குப் பேச்சு அருவி மாதிரி வரும். அண்ணியிடம் படித்த படிப்பும் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஓட்டில் ஜெயித்துவிட்டாள்.

தோற்ற அன்று வக்கீலம்மா எப்படி இருப்பாரோ என்று எனக்குப் பயம். எண்ணிக்கை மையத்திலிருந்து வெளியே வந்தவர், எதிரே இருந்த கடையில் எனக்கும் முதலாளிக்கும் செயலாளருக்கும் டீ சொன்னார். "நல்ல பொண்ணு ஜெயிச்சிருக்கா. நாமதான் தயார் பண்ணினோம், எதிர்க்கட்சிக்குப் பண்ணிட்டோம்" என்றார். செயலாளருக்கே டீ புரையேறிவிட்டது. டாக்டர் போன் செய்து, "பதவி வீட்டை விட்டு வெளிய போகலை. கீழேருந்து மாடிக்குத்தான் போயிருக்கு" என்றார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது வக்கீலம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கட்சியில் மாநிலச் சட்டப் பிரிவுக்குத் தலைவி. தலைநகரத்திலேயே வந்து இருக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார். லாரி முதலாளி இப்போது நகராட்சித் தலைவர். போன வெள்ளிக்கிழமை நாத்தனார் ஒரு மசோதாக் கட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆபீஸ் மாடிக்கு வந்தாள். குடியிருப்போர் சட்டத்தில் திருத்தம். அதில் 'கொடுக்க வேண்டும்' என்று இருப்பது சரியா, 'கொடுக்கலாம்' என்று இருக்க வேண்டுமா என்று இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். ஒருவர் ஆளுங்கட்சியைத் திட்ட, மற்றவர் அதற்கு முந்தின ஆளுங்கட்சியைத் திட்ட, நடுநடுவே பக்கங்கள் புரண்டுகொண்டிருந்தன. டாக்டர் சாப்பிட வரச்சொல்லி மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் நான்தான் எடுத்தேன். நான்காவது தடவை அவரே படியேறி வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"எத்தனையாவது பக்கம்?" என்று கேட்டார்.

"ஒன்பது டாக்டர். மொத்தம் நாப்பத்திரண்டு."

அவர் பெருமூச்சுவிட்டு, ஷூவைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டார்.